குளிர்காலக் கதை, கைவேலை, பேக்கிங்: சிறு குழந்தைகளுக்கான வகுப்பைத் திட்டமிடுவது எப்படி?

முதல் தடவை நான் போட்ட திட்டம் தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பனியைப் பற்றி மூன்று படப் புத்தகங்கள், பஞ்சு ஒட்டிய பனிமனிதன், கடைசியில் பனிமனித வடிவ பிஸ்கட். ஆறு குழந்தைகள், இரண்டு மணி நேரம். இரண்டாவது புத்தகத்திலேயே பாதிப் பேர் தரையில் உருள ஆரம்பித்தார்கள். பஞ்சு வேலை நாற்பது நிமிடத்தை விழுங்கியது. மாவைப் பிசையக் கை வைத்தபோது எல்லாருக்கும் பசி, இருவருக்கு அழுகை. பிஸ்கட் ஓவனிலிருந்து வெளியே வந்த நேரத்தில் பெற்றோர்கள் வாசலில் நின்றார்கள். சூடான பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பினேன். போகிற வழியில் ஒரு அம்மா, "இன்னைக்கு என்னடா கத்துக்கிட்ட?" என்று கேட்டிருக்கிறார். "பஞ்சு" என்று பதில் வந்ததாம்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றினேன். ஒன்று, ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி. இன்னொன்று, கடிகாரத்தை மாவிடம் கொடுத்துவிட்டேன். மாவு எப்போது ஊற வேண்டும், எப்போது வேக வேண்டும், எப்போது ஆற வேண்டும் என்பதுதான் அன்றைய அட்டவணை. கதையும் கைவேலையும் அந்த இடைவெளிகளில் போய் உட்காரும். கீழே இருப்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்து வந்தவைதான். மூன்று முதல் எட்டு வயது வரையான குழந்தைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் படி: படத்தை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடியுங்கள்

"குளிர்காலம்" என்பது ஒரு தலைப்பே இல்லை, அது ஒரு பெரிய மூட்டை. அதை அப்படியே எடுத்தால் பனிமனிதன், கையுறை, பென்குயின், துருவக்கரடி எல்லாம் ஒரே தாளில் வந்து விழும். (பென்குயின்கள் தென் அரைக்கோளத்துப் பறவைகள், துருவக்கரடி வடதுருவத்து விலங்கு. இரண்டும் இயற்கையில் சந்தித்ததே கிடையாது. ஆனாலும் ஸ்டிக்கர் தாள்களில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்.)

அதனால் மூட்டையைப் பிரித்து, குழந்தை வாயால் கேட்கக்கூடிய கேள்விகளாக மாற்றுங்கள். நான் பயன்படுத்தும் நான்கு கேள்விகள் இவை: பனித்துகளுக்கு ஏன் ஆறு முனை? குளிரில் தூங்கும் விலங்கு சாப்பிடாமல் எப்படி இருக்கிறது? கையுறை சூட்டைத் தருகிறதா, காக்கிறதா? குளிர்காலத்தில் ஏன் சீக்கிரம் இருட்டுகிறது?

ஒரு கேள்வி வகுப்புக்குத் தகுதியானதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கதை ஒரு விதமாகவும், கை ஒரு விதமாகவும், மாவு ஒரு விதமாகவும் தொட முடிகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று வெறும் அலங்காரமாக ஒட்டிக்கொண்டு வந்தால் கேள்வியை மாற்றுங்கள். பனிமனித பிஸ்கட் அப்படிப்பட்ட அலங்காரம்தான். அதை வட்டமாகச் செய்தாலும் நட்சத்திரமாகச் செய்தாலும் குழந்தைக்குப் புரிந்ததில் எந்த வித்தியாசமும் வந்திருக்காது.

பனி விழாத ஊரில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பனிக்கட்டி இருந்தால் போதும், ஃப்ரீசர் தரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்களுக்குக் குளிர்காலம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. அவர்கள் மாதங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் சரி.

இரண்டாம் படி: பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டியவை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்கக் கூடாத படி. ஒவ்வாமை இருக்கிறதா என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் கேளுங்கள்: பால், முட்டை, கோதுமை, கொட்டைகள், வேர்க்கடலை, எள், சோயா. வாய்வார்த்தையாகக் கேட்டால் "அதெல்லாம் ஒன்னுமில்ல" என்றுதான் வரும். எழுதிக் கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

கூட வரும் தம்பி தங்கைகளையும் கணக்கில் எடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, வேகவைத்த பண்டத்தில் கலந்திருந்தாலும் வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கொட்டைகள் தொண்டையில் சிக்கும், அதனால் அவையும் வேண்டாம்.

பச்சை மாவைச் சாப்பிடக் கூடாது என்ற விதி இருக்கிறதே, முட்டை சேர்க்கவில்லை என்றால் அது தளர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மைதாவும் கோதுமை மாவும் வேகாத பொருள்கள்தான். அவற்றிலும் ஈ.கோலி, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். விரலை நக்கும் குழந்தையைத் திட்டிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நறுக்கிய பழம் வையுங்கள், வாய் அங்கே போய்விடும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு புத்தகம், மூன்று தடவை

ஒரு வகுப்புக்கு ஒரு புத்தகம் போதும். தேர்ந்தெடுக்கும்போது எழுத்தை மூடிக்கொண்டு படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். கதை ஓரளவு புரிந்தால் அது நல்ல புத்தகம். அப்புறம் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். உங்களுக்கே மூச்சு வாங்கினால் குழந்தைகளின் கவனம் அதற்கு முன்பே போயிருக்கும். மூன்றாவதாக, கதையில் யாராவது ஏதாவது செய்கிறார்களா என்று பாருங்கள். பனி அழகு, குளிர் இனிமை என்று வர்ணித்துக்கொண்டே போகும் புத்தகங்கள் பெரியவர்களுக்குத்தான் பிடிக்கும்.

வாசிக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடன் இருந்தவர்களும் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பெரியவர் வாசிக்கக் குழந்தை கேட்பதைவிட, குழந்தை கதை சொல்லப் பெரியவர் கேட்பது மொழியை வேகமாக வளர்க்கிறது என்று காட்டியது. உரையாடல் வாசிப்பு என்று இதைச் சொல்லலாம். இதை நான் மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் சுற்று வகுப்புக்கு முந்தைய நாள், அவரவர் வீட்டில். புத்தகத்தின் பெயரைப் பெற்றோருக்கு அனுப்பி, ஒருமுறை வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எல்லாரும் செய்ய மாட்டார்கள், பரவாயில்லை. இரண்டாவது சுற்று வகுப்பில், மாவு வேகும் நேரத்தில். இதில் ஆம், இல்லை என்று முடியும் கேள்விகளைத் தவிருங்கள். "முயலுக்குக் குளிருதா?" என்றால் "ஆமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "முயல் ஏன் அங்க போய் நிக்குது?" என்றால் ஆறு பேரிடமிருந்து ஆறு பதில் வரும். அவர்கள் சொன்னதோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "பொந்துல போகுது" என்றால் "ஆமா, காய்ந்த இலை நிறைஞ்ச பொந்துக்குள்ள போகுது" என்று. மூன்றாவது சுற்று தின்னும்போது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவர்களே படத்தைப் பார்க்காமல் கதையைச் சொல்ல வேண்டும். வாயில் பிஸ்கட் இருக்கும்போது கதை நன்றாகத்தான் வரும், தூள்தான் கொஞ்சம் பறக்கும்.

இன்னொன்று, நமக்கே உரிய ஒரு சிக்கல். தமிழில் "பனி" என்ற ஒரே சொல்லுக்குள் புல்லில் நிற்கும் துளியும், காலையில் கண்ணை மறைக்கும் புகை மாதிரியான மூட்டமும், வானத்திலிருந்து வெள்ளையாக விழுவதும் அடங்கிவிடுகின்றன. பனி விழும் ஊரைப் பார்க்காத குழந்தை "பனி பெய்தது" என்றால் ஈரப் புல்லைத்தான் நினைத்துக்கொள்ளும். முதல் வகுப்பிலேயே பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி, ஆலங்கட்டி என்று ஆறு சொற்களை அட்டைகளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் ஒட்டிச் சுவரில் மாட்டிவிடுங்கள். கதையில் "பனி" வரும்போதெல்லாம் எந்த அட்டை என்று ஒரு குழந்தை ஓடிப்போய்த் தொட வேண்டும். உட்கார்ந்தே இருக்க முடியாத பிள்ளைகளுக்கு இந்த ஓட்டம் பெரிய நிம்மதி.

நான்காம் படி: மாவை முதலில் வையுங்கள்

கதை, கைவேலை, பேக்கிங் என்ற வரிசை காகிதத்தில் இயல்பாகத் தெரியும். நடைமுறையில் அதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். கை சுத்தமாக, மனம் புதிதாக இருக்கும் நேரம் வகுப்பின் முதல் இருபது நிமிடம். அதை மாவுக்குக் கொடுங்கள். வண்ணமும் பசையும் பட்ட கையோடு மாவுக்கு வந்தால் கை கழுவ வைப்பதே ஒரு தனி வகுப்பாகிவிடும்.

தொண்ணூறு நிமிட வகுப்பை நான் இப்படிப் பிரிக்கிறேன். ஏப்ரன் கட்டிக் கை கழுவ 5 நிமிடம். மாவு 20 நிமிடம். ஓவனில் இருக்கும் 25 முதல் 30 நிமிடத்தில் பாதி கதைக்கு, பாதி கைவேலைக்கு. ஆறும் 20 நிமிடத்தில் கைவேலையின் மீதி. கடைசி 10 நிமிடம் உட்கார்ந்து தின்பது, கதை சொல்வது. மிச்சமிருக்கும் ஐந்து நிமிடம் கழிப்பறைக்கும் கொட்டிய மாவைத் துடைப்பதற்கும் போய்விடும். அதை எதிலும் திட்டமிடாதீர்கள்.

ஓவனைத் திறப்பதும், தட்டை எடுப்பதும் பெரியவர் வேலை, அதில் பேச்சே இல்லை. தரையில் ஒரு கோடு போல டேப் ஒட்டி, ஓவன் வேலை செய்யும்போது அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். சொல்லில் மட்டும் இருக்கும் விதியைவிடத் தரையில் கண்ணுக்குத் தெரியும் கோட்டைக் குழந்தைகள் மதிக்கிறார்கள்.

ஐந்தாம் படி: ஒரு வகுப்பை முழுதாகப் பார்ப்போம் — ஏன் ஆறு?

எனக்குப் பிடித்த வகுப்பு இது, அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன்.

ஆறு குழந்தைகளுக்கு 50 கிராம் சர்க்கரைத் தூள், 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்ற விகிதம். எடை போடும் தராசைக் குழந்தைகளின் முன்னால் வையுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட 50க்குப் பிறகு 100 வந்ததும் குவியல் பெரிதாவது தெரியும். வெண்ணெய் விரல் வைத்தால் பள்ளம் விழும் அளவு மென்மையாக இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. முதலில் வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் குழைத்து, பிறகு மைதாவையும் உப்பையும் சேர்த்து, விரல் நுனியால் உதிர்த்து, கடைசியில் அழுத்திச் சேர்த்தால் உருண்டை வந்துவிடும். தண்ணீர் வேண்டாம், முட்டை வேண்டாம். ரொம்பப் பிசைந்தால் பிஸ்கட் கடினமாகிவிடும். மைதாவில் இருக்கும் புரதம் வலைபோல இழுபடுவதால் வரும் வினை அது. அதனால் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டில் பட்டர் பேப்பர் போட்டு, மாவை உள்ளே வைத்து, ஆறு குழந்தைகளும் சுற்றி நின்று விரலால் அழுத்திப் பரப்பட்டும். முக்கால் செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமான கனம் வரும். கத்தியின் முதுகால் ஆறு சம பங்காகக் கோடு போட்டு, முட்கரண்டியால் அங்கங்கே குத்திவிடுங்கள். 170 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானால் போதும், நடுவில் வெளுத்தே இருக்கலாம். வெளியே எடுத்ததும், சூட்டிலேயே அந்தக் கோடுகளின் மேல் அழுத்தி வெட்டிவிடுங்கள். ஆறிய பிறகு வெட்டினால் கோட்டை மதிக்காமல் நொறுங்கும். தட்டிலேயே ஆறட்டும்.

தட்டு ஓவனுக்குள் போனதும் கதை. கதை முடிந்ததும் இரண்டு மனிதர்களைப் பற்றிச் சொல்வேன். யோஹன்னஸ் கெப்ளர், கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதையைக் கணக்கிட்ட அதே வானியலாளர், தன் மேலங்கியில் விழுந்த பனித்துகளைப் பார்த்துவிட்டு, ஏன் ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை, எப்போதும் ஆறு என்று கேட்டு 1611இல் ஒரு சிறு நூலே எழுதினார். இன்னொருவர் வில்சன் பென்ட்லி, அமெரிக்காவில் வெர்மான்ட்டில் ஜெரிகோ என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தவர். 1885 ஜனவரி 15 அன்று, நுண்ணோக்கியையும் கேமராவையும் இணைத்து ஒரு பனித்துகளைப் படமெடுத்தார். பிறகு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். ஒன்றுபோல் இன்னொன்று அவர் கண்ணில் படவே இல்லை. குழந்தைகளுக்கு ஆண்டுகள் நினைவில் நிற்காது, நிற்கவும் வேண்டாம். ஒரு ஆள் பனித்துகள் மேல் மூச்சுக்காற்று படாமல், உருகுவதற்குள் படமெடுக்க வேண்டியிருந்தது என்பது நிற்கும். ஒரு சிறு இறகைக் கையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நிற்கச் சொல்லுங்கள், என்னவென்று தெரிந்துவிடும்.

கெப்ளரின் கேள்விக்குப் பதில் பின்னாளில்தான் கிடைத்தது. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண வலைபோல ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அந்த ஆறு மூலைகளிலிருந்துதான் கிளைகள் நீளுகின்றன. இதை வார்த்தையில் சொல்வதைவிட, ஆறு பேரைக் கைகோத்து வட்டமாக நிற்க வைப்பது நல்லது. ஆளுக்கு ஒரு காலை வெளிப்பக்கம் நீட்டச் சொன்னால் அறையின் நடுவே ஒரு பனித்துகள் நிற்கும், சிரித்துக்கொண்டே சாய்ந்தும் விழும்.

இப்போது கத்தரிக்கோல். இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். காகிதத்தை நான்காக, எட்டாக மடித்து வெட்டினால் நான்கு முனை, எட்டு முனைதான் வரும். உண்மையான பனித்துகளில் அப்படி இல்லை. ஆறு வேண்டுமென்றால் இப்படி மடியுங்கள். அதே 20 செ.மீ. தட்டை பட்டர் பேப்பர் மேல் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். பாதியாக மடித்தால் அரைவட்டம். அந்த அரைவட்டத்தை மூன்று சம பங்காக, ஒன்றின் மேல் ஒன்றாக மடியுங்கள், ஐஸ்கிரீம் கூம்பு மாதிரி வரும். அதை நடுவே இன்னொரு முறை மடித்தால் ஒடுங்கிய ஓர் ஆப்பு, பன்னிரண்டு அடுக்கு. மடிப்பு ஓரங்களில் முக்கோணம், அரைவட்டம் என்று சின்னச் சின்னதாக வெட்டுங்கள். ஓரமெங்கும் வெட்டிவிடாமல் அங்கங்கே மடிப்பை விட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டு துண்டாகிவிடும். கடைசி மடிப்பை விட்டுவிட்டால் ஒரு பக்க வெட்டு மூன்று இடத்தில்தான் வரும். இது எனக்கே இரண்டு தாள் வீணான பிறகுதான் உறைத்தது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளால் பன்னிரண்டு அடுக்கை வெட்ட முடியாது. அவர்கள் எங்கே வெட்ட வேண்டும் என்று பென்சிலால் காட்டட்டும், நீங்கள் வெட்டுங்கள். விரிக்கும் வேலை மட்டும் கண்டிப்பாக அவர்களுடையது. மெதுவாக, மடிப்பு மடிப்பாக.

பிஸ்கட் ஆறியதும், வெட்டிய காகிதங்களில் ஒன்றை அதன் மேல் விரித்து வையுங்கள். (எதை என்று தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போடுங்கள், இல்லையென்றால் சண்டை வரும்.) சின்ன வடிகட்டியில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரைத் தூளை எடுத்து, ஒவ்வொருவரும் வடிகட்டியின் விளிம்பை இரண்டு தட்டுத் தட்டட்டும். காகிதத்தை இருவர் எதிரெதிரே பிடித்து நேர் மேலே தூக்க வேண்டும். காகிதம் மறைத்த இடம் பழுப்பாகவும் ஓட்டை விட்ட இடம் வெள்ளையாகவும், ஒரு முழுப் பனித்துகள் பிஸ்கட் மேல் கிடக்கும். ஒரு கணம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஆறு துண்டு, ஆளுக்கு ஒரு கிளை. பிஸ்கட் கொஞ்சம் சூடாக இருந்தாலும் சர்க்கரை உருகி ஈரக் கறையாகிவிடும். அதனால் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூவுங்கள்.

அடுத்த வாரம் முழுக்க அலங்காரத் தாள்களிலும் துணிகளிலும் எட்டு முனைப் பனித்துகளைக் கண்டுபிடித்துக் குற்றம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

ஆறாம் படி: தூங்கும் வாரம்

முள்ளெலி கதை ஒன்று எடுங்கள். மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் அதை முள்ளம்பன்றி என்று போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். முள்ளம்பன்றி வேறு, அது இப்படிக் குளிருக்குத் தூங்குவதில்லை. விழித்திருக்கும் முள்ளெலியின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 முறை துடிக்கும், குளிர்த்தூக்கத்தில் அது 20 முறை அளவுக்கு இறங்கிவிடும். நெஞ்சில் கை வைத்து வேகமாகத் தட்டச் சொல்லி, பிறகு மூன்று விநாடிக்கு ஒரு தட்டு என்று மாற்றுங்கள். இரண்டாவது வேகத்தில் அறையே அமைதியாகிவிடும்.

இந்த வாரத்து மாவு ஈஸ்ட் மாவு, ஏனென்றால் ஈஸ்ட்டும் குளிரில் தூங்கும். இரண்டு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட். ஒன்றில் வெதுவெதுப்பான நீர், மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். இன்னொன்றில் ஃப்ரிட்ஜ் தண்ணீர். பத்து நிமிடத்தில் முதல் டம்ளரில் நுரை ஏறும். இரண்டாவது சும்மா இருக்கும்.

"அத்தை, அது செத்துப்போச்சா?" என்று என் அண்ணன் மகள் கேட்டாள்.

"நீயே சொல்லு."

குளிர்ந்த டம்ளரை வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பான நீர் இருந்த கிண்ணத்தில் இறக்கி வைத்துவிட்டுக் கதைக்குப் போனோம். அரைமணி கழித்து வந்து பார்த்தபோது அதிலும் நுரை, மெல்லியதாக. "எந்திரிச்சிருச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் இன்னொரு குழந்தை பயந்தே போனது. கொதிக்கும் தண்ணீரில் ஈஸ்ட் பிழைக்காது, 60 டிகிரிக்கு மேல் இறந்துவிடும். அதையும் மூன்றாவது டம்ளரில் காட்டலாம், ஆனால் நான் காட்டுவதில்லை. ஐந்து வயதுக்கு ஒரு வகுப்பில் ஒரு சாவு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மாவுக்கு 500 கிராம் மைதா, 7 கிராம் ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 300 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், 30 கிராம் வெண்ணெய். பன்னிரண்டு சிறிய பன் வரும். பிரச்சினை என்னவென்றால் இது பொங்க ஒரு மணி நேரம், வடிவம் கொடுத்த பிறகு இன்னொரு அரைமணி. அவ்வளவு நேரம் வகுப்பில் இல்லை. அதனால் ஒரு மணி நேரம் முன்பே நீங்கள் ஒரு மாவைப் பிசைந்து வைத்துவிடுங்கள். குழந்தைகள் வந்ததும் தாங்களே பாதி அளவில் இன்னொரு மாவைப் பிசையட்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, தூங்கப் போகிறது, எழுந்துவிட்டது என்று காட்டிவிட்டு, எழுந்த மாவை உருட்டக் கொடுங்கள். அவர்கள் பிசைந்த மாவு உங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும்.

முட்டை வடிவில் உருட்டி, ஒரு முனையை மூக்குபோல் கிள்ளி இழுத்து, சுத்தமான கத்தரிக்கோலின் நுனியால் முதுகு முழுக்கச் சிறு சிறு வெட்டுக் கொடுத்தால் முள் எழும்பும். வெட்டும்போது கத்தரிக்கோலை ஏறக்குறைய படுக்கையாகப் பிடிக்க வேண்டும். 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். பொங்கும் அரைமணியில் கைவேலை: காய்ந்த இலை, கிழித்த பழுப்புக் காகிதம் கொண்டு ஒரு பொந்துப் படம். கத்தரிக்கோல் வேண்டாம், கிழிக்கட்டும். கிழித்த ஓரம்தான் இலைக்குவியல் மாதிரி தெரியும்.

ஏழாம் படி: மீதி இரண்டு வாரங்கள்

கையுறை வாரம் எளிது. தொலைந்துபோன ஒரு கையுறைக்குள் விலங்குகள் ஒவ்வொன்றாக நுழைந்து நெரிசலாகும் உக்ரேன் நாட்டுப்புறக் கதை பல வடிவங்களில் கிடைக்கிறது. புத்தகம் கிடைக்காவிட்டால் நீங்களே வாயால் சொல்லலாம். கேள்விக்கு விடை காண இரண்டு பனிக்கட்டி போதும். ஒன்றைக் கம்பளிக் கையுறைக்குள் போட்டு மூடுங்கள், ஒன்றைத் தட்டில் வையுங்கள். எது முதலில் உருகும் என்று ஓட்டெடுப்பு நடத்தினால், கையுறைக்குள் இருப்பதுதான் என்று எல்லாரும் கை தூக்குவார்கள். தட்டில் இருப்பது முதலில் உருகும். கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்துகிறது. பேக்கிங்குக்கு, முந்தைய வாரத்து அளவிலேயே புதிதாகப் பிசைந்த மாவைத் தட்டையாக்கி, உள்ளே நிரப்பி மூடிய பன். உள்ளே ஜாம் வைத்தால் எச்சரிக்கை: வெளியே ஆறிவிட்ட மாதிரி தெரியும், உள்ளே ஜாம் நாக்கைப் பொத்துவிடும் சூட்டில் இருக்கும். இங்கேயும் அதே கையுறைக் கதைதான்.

இருட்டு வாரத்தில், குளிர்காலத்தில் சூரியன் தூரமாகப் போய்விடுகிறது என்ற எண்ணத்தை உடைக்க வேண்டும். பெரியவர்களில் பலருக்கும் அதுதான் நினைப்பு. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், வட அரைக்கோளம் நடுங்கிக்கொண்டிருக்கும்போது. காரணம் பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது. குளிர்காலத்தில் நம் பக்கம் சூரியனை விட்டு விலகிச் சாய்வதால் பகல் குறுகிச் சீக்கிரம் இருட்டுகிறது, வெயிலும் சாய்வாக விழுகிறது. ஒரு டார்ச்சைக் காகிதத்தின் மேல் நேராக அடித்தால் சின்ன, பிரகாசமான வட்டம். சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் பரவி மங்கிவிடும். அவ்வளவுதான் விளக்கம், ஐந்து வயதுக்கு இதற்கு மேல் வேண்டாம்.

கைவேலைக்கு வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் நட்சத்திரம் வரையச் சொல்லுங்கள், எதுவும் தெரியாது. மேலே கருநீல வாட்டர் கலரைத் தடவினால் மெழுகு தண்ணீரை ஒட்டவிடாமல் தள்ள, நட்சத்திரங்கள் எழும். ஈரம் காயும் முன் நாலு கல் உப்பைத் தூவினால் அது வண்ணத்தை உறிஞ்சி, சுற்றிலும் வெளிறிய புள்ளிகள் விழும். அழுத்தி வரையச் சொல்ல மறக்காதீர்கள். லேசாக வரைந்த கிரேயான் வேலை செய்யாது. பிஸ்கட்டுக்கு அதே ஒன்று-இரண்டு-மூன்று மாவை மெல்லியதாக இட்டு, நடுவில் ஓட்டை வெட்டி, முக்கால் பாகம் வெந்ததும் அந்த ஓட்டையில் நொறுக்கிய நிறமிட்டாய் போட்டு ஐந்து நிமிடம் மீண்டும் ஓவனில் வைத்தால், உருகிக் கண்ணாடி மாதிரி படியும். உருகிய சர்க்கரை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் முழுதாக ஆறும் வரை குழந்தைகள் கிட்டே வரக் கூடாது. ஆறிய பிறகு டார்ச் முன்னால் பிடித்துச் சுவரில் நிறம் பார்க்கலாம்.

உப்பு மாவு பொம்மை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், தனி நாளில். தின்னும் மாவும் தின்னாத மாவும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது. இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு உப்பு சேர்த்த மாவைக் குழந்தை ஒரு கை வாயில் போட்டால் ஆபத்து, வீட்டு நாய் தின்றால் இன்னும் ஆபத்து.

எட்டாம் படி: முந்தைய இரவும் வகுப்பு முடிந்த பிறகும்

முந்தைய இரவு எல்லாவற்றையும் அளந்து டப்பாக்களில் போட்டுவிடாதீர்கள். அளப்பதுதான் குழந்தைகளுக்குப் பிடித்த வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, ஓவன் சொல்லும் சூடும் உண்மையான சூடும் ஒன்றா என்று ஒரு பிஸ்கட்டைச் சுட்டுப் பார்ப்பது, வெண்ணெயை வெளியே எடுத்து வைப்பது, ஒரு பனித்துகளை நீங்களே வெட்டிப் பார்ப்பது. புத்தகத்தைச் சத்தமாக ஒருமுறை வாசித்துவிடுங்கள், பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும்.

முடிந்த பிறகு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எந்த இடத்தில் குழந்தைகள் அமைதியானார்கள், எந்த இடத்தில் உருண்டார்கள் என்று. பெரிய மதிப்பீடெல்லாம் வேண்டாம். அதோடு, அன்றைக்கு யாராவது கேட்ட, உங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்வியை அப்படியே எழுதி வையுங்கள். அடுத்த வகுப்பு அங்கேதான் இருக்கிறது. என் நோட்டில் கடைசியாக இருப்பது, "குளம் உறஞ்சா மீன் என்ன பண்ணும்?" பதில் தேடினேன். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும், அதனால் அது அடியில் தங்க, பனிக்கட்டி மேலே மிதந்து போர்வைபோல் மூடிக்கொள்கிறது, மீன் கீழே மெதுவாக நீந்திக்கொண்டிருக்கிறது. புத்தகம் கிடைத்துவிட்டது, கைவேலைக்கும் வழி இருக்கிறது. இதற்கு எதை பேக் செய்வது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.